பெஞ்சில் பக்கத்தில் யார்?

பள்ளிக்கூடம் தேடும் பெற்றோர் எல்லாக் கேள்விகளையும் சத்தமாகத்தான் கேட்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, வேன் வாசல் வரைக்கும் வருமா, கழிப்பறை எப்படி, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் 450க்கு மேல், நீட்டுக்குத் தனியாகச் சொல்லித் தருவார்களா. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் குரல் தணிந்துவிடுகிறது. "அங்க யாரு வீட்டுப் பிள்ளையெல்லாம் படிக்கு?" பாளையங்கோட்டையில் ஏப்ரல், மே மாதங்களில் கல்யாணப் பந்தியிலும் டாக்டர் வீட்டு வராந்தாவிலும் இந்தக் கேள்வி என் காதில் விழாத வருடம் இல்லை. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "எல்லா மாதிரியும் வரும்" என்பார்கள். முன்பெல்லாம் அது எச்சரிக்கை. அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நேராகச் சொல்லாமல் சொல்வது. சில வருடங்களாக அதே வாக்கியம் இன்னொரு குரலிலும் கேட்கிறது. "எல்லா மாதிரியும் வந்தாத்தான பிள்ளை நாலையும் பழகும்" என்று படித்த பெற்றோர் சொல்கிறார்கள். பன்முகத்தன்மை என்று அதற்கு ஒரு மரியாதையான பெயரும் வந்துவிட்டது. முதல் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவது இயல்பு. இரண்டாவது குரலைக் கேட்டாலும் ஏன் உள்ளுக்குள் என்னவோ செய்கிறது என்பதைத்தான் நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு தரப்பாரின் வாதமும் எனக்கு மனப்பாடம். சிபிஎஸ்இ பள்ளியில் போட்டிருப்பவர் சொல்கிறார்: என் மகள் வகுப்பில் ஒரு ஒடியாப் பையன், இரண்டு மலையாளப் பிள்ளைகள், ஒரு பஞ்சாபிப் பெண், ஓணத்துக்குப் பூக்கோலம், நவராத்திரிக்குக் கோலாட்டம், உங்கள் அரசுப் பள்ளியில் இதெல்லாம் உண்டா? அரசுப் பள்ளிக்காகப் பேசுகிறவர் சொல்கிறார்: அங்கேதான் ஐயா நிஜமான ஊர் இருக்கிறது; கொத்தனார் பிள்ளையும் பூக்கட்டுகிற அம்மாவின் பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள்; அதைப் பார்க்காமல் வளர்கிற பிள்ளை என்ன பிள்ளை? இரண்டு பேரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு பேச்சிலும் மற்றவர் வீட்டுப் பிள்ளை நம் பிள்ளைக்கு ஒரு பாடமாகிவிடுகிறது. பஞ்சாபிப் பெண் உலக அறிவு. கொத்தனார் மகன் வாழ்க்கை அறிவு. அந்தக் கொத்தனார் மகன் எதற்காகப் பள்ளிக்கு வந்தான்? கணக்குப் படிக்க, பந்து விளையாட, மத்தியானம் சாப்பிட. என் பிள்ளைக்கு இரக்கத்தைக் கற்றுக்கொடுக்க அவன் வரவில்லை. அந்த வேலைக்கு அவனை யார் நியமித்தது? அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் என் பிள்ளையால் அவனுக்கு என்ன லாபம் என்று நம்மில் யாரும் ஒருநாளும் பேசியதில்லை. இந்த விவாதம் தொடங்குகிற இடத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. தேர்ந்தெடுக்கிற வசதி உள்ளவர்கள் மட்டுமே பேசுகிற விவாதம் இது.

தனியார் பள்ளி பெருமைப்படும் பன்மையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்துக்கும் வங்கிகளுக்கும் மாற்றலாகி வந்தவர்களின் பிள்ளைகள், டாக்டர் பிள்ளைகள், ஜவுளிக்கடைக்காரர் பிள்ளைகள். மொழி வேறு, மதம் வேறு, சாப்பாடு வேறு. ஆனால் ஜூன் மாதத்துக் கட்டண ரசீது எல்லோருக்கும் ஒன்று. அந்த ரசீதைத் தாண்டி வர முடிந்தவர்களுக்குள்தான் இத்தனை வேற்றுமையும். இதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஒரு தமிழ்ப் பிள்ளை ஒடியாப் பிள்ளையோடு சேர்ந்து வளர்வது நல்லதுதான். ஆனால் திருப்பூரில் மாநகராட்சிப் பள்ளிகளைப் பாருங்கள். பனியன் கம்பெனிகளில் வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கிறார்கள். ஆறு மாதத்தில் தமிழில் சண்டை போடுகிறார்கள். சிபிஎஸ்இ வகுப்பில் இருக்கும் ஒடியாப் பையன் பள்ளிக்குப் பெருமை. மாநகராட்சிப் பள்ளியில் இருக்கும் ஒடியாப் பையன் "வடக்கன் பிள்ளையெல்லாம் வந்து சேர்ந்திருச்சு" என்பதற்குக் காரணம். அப்பா அதிகாரியாக வந்தால் ஒரு பெயர், தையல் மிஷினுக்கு வந்தால் இன்னொரு பெயர். வேற்றுமையைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும்போது எந்த வேற்றுமையை என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. சாதி விஷயத்திலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை, தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், அது இந்த மண்ணின் ஒரு நல்ல சாதனை. ஆனால் பள்ளி வாசலில் வேனுக்காகக் காத்து நிற்கும் தாய்மார் இரண்டு பேர் புதிதாகப் பழகும்போது மூன்றாவது நிமிடத்தில் "உங்களுக்கு ஊரு எது" வரும். அடுத்து "ஊருல எந்தத் தெரு" வரும். அதிலும் பிடிபடாவிட்டால் "பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவிய" என்பதில் தெரிந்துகொள்வார்கள். பிறந்தநாளுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பது அதற்குப் பிறகுதான் முடிவாகிறது.

சரி, அரசுப் பள்ளி? அதைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அங்கே படித்தவர்கள். தாசில்தார் மகனும் டெய்லர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம் என்பார்கள். உட்கார்ந்தார்கள், உண்மைதான். பிறகு என்ன நடந்தது? தாசில்தார் மகன் தன் பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பினான். டெய்லர் மகனும் கொஞ்சம் காசு சேர்ந்ததும் அனுப்பினான். 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வாரியம். 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எல்லோர் கையிலும் ஒரே புத்தகம். புத்தகம் ஒன்றானதும், பழைய மெட்ரிக் பள்ளிகளே பக்கத்து மனையில் சிபிஎஸ்இ பலகை வைக்க ஆரம்பித்ததை எங்கள் ஊரில் கண்ணால் பார்த்தோம். அப்படியானால் பெற்றோருக்கு அதுவரை பிடித்திருந்தது மெட்ரிக் புத்தகம்தானா, அந்தப் புத்தகம் மற்றவர் கையில் இல்லை என்பதா? எல்லோரையும் ஒரே நியாயத்தில் அடக்கிவிட முடியாது. ஆங்கிலம் வேண்டும் என்ற ஏக்கம் உண்மையானது. ஆசிரியர் காலியிடம் நிரப்பப்படாத பள்ளியில் பிள்ளையை விடப் பயப்படுவதும் நியாயம். ஆனால் வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனபோது கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆட்சியருக்கு மனு எழுதத் தெரிந்தவர்களும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே மிச்சம் இருந்தவர்களைப் பார்த்து 'அங்கே யார் படிக்கிறார்கள்' என்று கேட்டோம். கொரோனா வருடங்களில் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு கூட்டம் அரசுப் பள்ளிக்குத் திரும்பியது. கடைக்காரர் பிள்ளைகளும் தனியார் கம்பெனி ஊழியர் பிள்ளைகளும் மறுபடி அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். கையில் காசு புரண்டதும் பலர் பழையபடி போனார்கள். அந்த ஓரிரு வருடங்களில் அந்த வகுப்பறைகளில் என்ன நடந்தது, யார் யாரோடு சிநேகமானார்கள் என்று யாராவது உட்கார்ந்து எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு என்று ஒரு விசேஷம் உண்டு. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்வது அரசுப் பள்ளிகளாலும் அல்ல, மெட்ரிக் பள்ளிகளாலும் அல்ல. மிஷன்காரர்கள் தொடங்கிய, அரசு சம்பளம் தருகிற உதவிபெறும் பள்ளிகளால். அரசா தனியாரா என்று வாதாடுகிறவர்கள் இந்த மூன்றாவது வகையை மறந்துவிடுகிறார்கள். தென் மாவட்டங்களில் பல தலைமுறைகள் சேர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான். ரயிலிலும் பஸ்ஸிலும் கிராமத்திலிருந்து வந்த பிள்ளையும், ஹைகிரவுண்டு டாக்டர் வீட்டுப் பிள்ளையும், மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளையும், விடுதியில் தங்கிய மீனவர் பிள்ளையும். இன்று அந்த வளாகங்களுக்குள் போனால் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிக்கூடம் இருக்கிறது. உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவு ஒரு கட்டிடத்தில். சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு இன்னொரு கட்டிடத்தில். காலையில் ஒரே பிரார்த்தனை, ஒரே கொடி, ஒரே தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு வரிசை பிரிகிறது. சட்டையில் கட்டம் வேறு, அடையாள அட்டையின் கயிற்று நிறம் வேறு. என் மகன் சுயநிதிப் பிரிவில் படிக்கிறான். ஏழு வருடமாக ஒரே வாசலில் நுழைகிற மற்ற கட்டிடத்துப் பிள்ளைகளில் ஒருவன் பெயராவது தெரியுமா என்று கேட்டேன். நன்றாகப் பந்து போடுகிற ஒருவனைத் தெரியும், பெயர் தெரியாது, 'எய்டட் பையன்' என்றான். குழந்தை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கயிற்றின் நிறத்தைப் பார்த்தால் அவனுக்கு அப்படித்தான் தெரியும். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது பெரியவர்கள்.

கயிறு என்றதும் எங்கள் மாவட்டத்தில் வேறொரு கயிறும் நினைவுக்கு வராமல் இருக்காது. மஞ்சள், சிவப்பு, பச்சை, காவி என்று மணிக்கட்டில் சாதிக்கு ஒரு நிறம் கட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள் என்று 2019இல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. அதன்மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவர்கள் ஒரே பள்ளி. எல்லா மாதிரியும் வந்த பள்ளிதான் அது. அரசுப் பள்ளிக்காகப் பேசுகிற என் நண்பர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறார்கள். தனியார் பள்ளிக்காகப் பேசுகிறவர்கள் "இதுக்குத்தான் சொன்னோம்" என்கிறார்கள். இருவருமே அதற்கு அடுத்து வந்ததைப் படிக்கவில்லை. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது, கயிறும் மோதிரமும் பொட்டும் சாதிச் சின்னமாகக் கூடாது, சைக்கிளில் சாதி வண்ணம் கூடாது, ஆசிரியர்களை ஒரே இடத்தில் ஊறவிடக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். அவற்றுக்கு நடுவே சின்னதாக ஒன்று: வகுப்பில் பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். பெரிய பெரிய பரிந்துரைகளைப் பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. எனக்கோ அதில்தான் கண் நின்றது. உதவித்தொகைத் தகவலை வகுப்பில் பகிரங்கமாகச் சொல்லக் கூடாது என்றும் அந்த அறிக்கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் அந்தக் காட்சி தெரியும். ஆபீஸிலிருந்து ஒரு தாள் வரும், வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டு "எஸ்சி பிள்ளையெல்லாம் எந்திரி" என்பார், எழுந்து நிற்கிறவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள் எண்ணுவார்கள். அதுவரைக்கும் தெரியாதிருந்த ஒன்று அரை நிமிடத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு இடைவேளையில் யார் யாரோடு போவது என்பதும் மாறிவிடும். நாற்பது பிள்ளைகள் ஒரு அறைக்குள் இருப்பதால் மட்டும் கலந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கலப்பதும் பிரிவதும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் செய்கிற வேலை. தாளை வாசிக்கிறவர், பெஞ்சைப் போடுகிறவர், வரிசையைப் பிரிக்கிறவர்.

அகரவரிசை என்பது வெறும் நல்லெண்ணம் அல்ல என்று நம்ப எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் தில்லியின் வசதியான தனியார் பள்ளிகளில் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. 2007 முதல் அந்தப் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் தந்தாக வேண்டியிருந்தது. அதனால் ஒரே பள்ளியில் ஏழை வகுப்புத்தோழர்கள் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளும் அவர்களோடு வளர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். கூடப் படித்தவர்கள் கொடுப்பதில் தாராளமாகவும், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவதில் தயக்கத்தோடும் இருந்தார்கள் என்று அவர் கண்டார். அவர் வைத்த ரிலே ஓட்டம் ஒன்றுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஓட, யார் வேகம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. பிறகு உன் அணிக்கு யார் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஜெயித்தால் பரிசு சில ஓட்டங்களில் ஆளுக்கு 500 ரூபாய், சிலவற்றில் 200, சிலவற்றில் 50. பரிசு பெரிதாக இருந்தால் வேகமாக ஓடுகிற ஏழைப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பரிசு சிறுத்தால் மெதுவாக ஓடினாலும் நம்மவனே போதும் என்கிற எண்ணிக்கை கூடுகிறது. நம் ஊர்க் கிரிக்கெட் மைதானங்களிலும், வேலைக்கு ஆள் எடுக்கிற இடங்களிலும், கல்யாணப் பேச்சிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருப்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் ஏழைப் பிள்ளைகளோடு படித்தவர்களிடம் அந்த ஒதுக்கல் குறைவாக இருந்தது. சில பள்ளிகள் பெயர்களின் அகரவரிசைப்படி படிப்புக் குழுக்களைப் பிரித்திருந்தன. தற்செயலாக ஒரே குழுவில் விழுந்து, சேர்ந்து கணக்குப் போட்டு, பென்சில் கடன் வாங்கியவர்களிடம் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. ஆய்வு இன்னொன்றையும் மறைக்கவில்லை. ஆங்கில மதிப்பெண் சற்று இறங்கியது. வகுப்பில் கெட்ட வார்த்தை கூடியது. கணக்கிலும் இந்தியிலும் மாற்றமில்லை. எங்கள் தெருப் பெற்றோரிடம் இதைச் சொன்னால் முதல் பாதியைக் காதில் வாங்காமல் 'பாத்தியளா, கெட்ட வார்த்தை' என்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தையைச் சொன்னால் தாய்க்கு வயிறு கலங்கத்தான் செய்யும். எனக்கு அந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு. அது பெரும்பாலும் வசதியான பிள்ளையின் மனம் எப்படி மாறியது என்பதைத்தான் அளந்தது. அந்த ஏழைப் பிள்ளை எட்டு மணி நேரம் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தான்?

அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசி நான் கேட்டது என் எண்ணங்களை எல்லாம் புரட்டிப்போட்டது. எங்களுக்குத் தெரிந்த தலித் குடும்பம். அப்பா லாரி டிரைவர், அம்மா ஒரு துணிக்கடையில் வேலை. மகளை நகையை அடகு வைத்து மெட்ரிக் பள்ளியில் போட்டார்கள். ஊரில் நல்ல ஊராட்சி ஒன்றியப் பள்ளி இருக்கிறதே, காலைச் சாப்பாடும் போடுகிறார்களே என்று நான் சொல்ல, அந்தத் தாய் நிதானமாகச் சொன்னார்: "அங்க போனா டீச்சருக்கும் தெரியும், சமைக்கிறவங்களுக்கும் தெரியும், பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கும் தெரியும், நாங்க எந்தத் தெருன்னு. இங்க ஃபீஸக் கட்டினா ரோல் நம்பர் மட்டுந்தான்." பன்மைக்காக அரசுப் பள்ளிக்கு வாருங்கள் என்று நாம் சொல்வதை அவர் எப்படிக் கேட்பார்? ஊரில் எல்லோருக்கும் அவர் யார் என்று தெரிந்த இடத்தில் இருந்துகொண்டே நம் பிள்ளைக்கு வாழ்க்கையைக் காட்டச் சொல்கிறோம். அவருக்கு அந்தக் கட்டண ரசீது சுவர் இல்லை, ஒரு மறைப்பு. இதே தாய் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க மறுத்துவிட்டார். ஒரு கிலோமீட்டருக்குள் வீடு, ஆதிதிராவிடர் என்பதால் வருமான வரம்பும் கிடையாது, எல்லாம் பொருந்தியது. குலுக்கலில் பெயர் வந்தால் பலகையில் ஒட்டுவார்கள், அப்புறம் எட்டாம் வகுப்பு வரை 'ஆர்டிஇ பிள்ளை' என்ற பெயர் போகாது என்றார். 2009இல் இயற்றி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து, 2012இல் உச்ச நீதிமன்றமும் சரி என்ற சட்டம் அது. அந்த 25 சதவீதப் பிரிவைப் பற்றி அப்போது நடந்த வாதங்களில் தனியார் பள்ளிகளின் சுதந்திரம் பற்றியும் அரசு கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் எவ்வளவோ பேசினார்கள். கதவுக்குள் விடுவதற்குச் சட்டம் இருக்கிறது. உள்ளே போன பிறகு எந்தப் பெஞ்சு, சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதவர் பெயரை வாசிக்கிறார்களா, ஆண்டுவிழா நடனத்துக்கு ஆடை வாங்க முடியாத பிள்ளை எங்கே நிற்கிறது என்பதற்குச் சட்டம் இல்லை. அதெல்லாம் அங்கே இருக்கிற பெரியவர்களின் மனசு.

இதே கவலையை 1966லேயே கோத்தாரி கல்விக் குழு எழுதி வைத்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிற பொதுப் பள்ளி வேண்டும் என்று சொன்ன அந்த அறிக்கை, பிரித்து வைப்பதால் ஏழைப் பிள்ளைக்கு மட்டும் நஷ்டமில்லை, பணக்காரப் பிள்ளையின் கல்வியும் சோகை பிடித்துப்போகும் என்று கருதியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2015இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அரசுச் சம்பளம் வாங்குகிற எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேசத்துக்கு ஆணையிட்டது. ஆணை ஏட்டோடு நின்றது. 2011இல் ஈரோட்டு ஆட்சியர் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தது நாடு முழுக்கச் செய்தி. ஒரு தகப்பன் பக்கத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது செய்தியாகிவிட்ட நாட்டில் இருக்கிறோம் என்பதை அன்று யோசித்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஆட்சியர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கொள்கை பெற்றோருடையது, அதைச் சுமந்துகொண்டு ஆறாம் வகுப்பில் போய் உட்கார வேண்டியது பிள்ளை. இன்று சில பெற்றோர் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா என்று கணக்குப் போடுகிறார்கள். 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீடு காரணம். சிலர் அதை மோசடி போலப் பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டாக்டர் சீட்டுக்காகவாவது வரட்டும். வந்தவர் கழிப்பறைக் கதவு உடைந்திருக்கிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து கேட்டால், அவர் எதற்காக வந்தார் என்பது பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்கு எதற்கு?

போன வருடம் எங்கள் சுயநிதிப் பிரிவின் பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு சின்ன வேண்டுகோளாக வைத்தேன். கட்டிடங்கள் இரண்டாகவே இருக்கட்டும், பயிற்றுமொழியும் வேறாகவே இருக்கட்டும். நூலகம், விளையாட்டு, ஓவியம் இந்த மூன்று பாடவேளைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இரண்டு பிரிவையும் சேருங்கள், சேர்த்த இடத்தில் அகரவரிசையில் உட்கார வையுங்கள். அரசாணை தேவையில்லை, ஒரு ரூபாய் செலவில்லை, தலைமை ஆசிரியர் நினைத்தால் அடுத்த திங்கட்கிழமையே செய்யலாம். நான் எதிர்பார்த்ததற்கு மாறாக விளையாட்டுக்கு உடனே சரி என்றார்கள். நல்ல பந்துவீச்சாளர்கள் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்று ஒரு அப்பா உற்சாகமாகவே சொன்னார். 500 ரூபாய்ப் பரிசு எனக்கு நினைவுக்கு வந்தது. நூலகத்துக்கும் ஓவியத்துக்கும் தலையாட்டினார்கள். சாப்பாடு என்றதும் ஒரு அம்மா எழுந்து, மரியாதையாகத்தான், சொன்னார்: "சாப்பாட்டு நேரம் மட்டும் அவங்கவங்க எடத்துலயே இருக்கட்டும் சார். பிள்ளைங்க மாத்தி மாத்திச் சாப்பிடும், உடம்புக்கு ஒத்துக்காது." அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிடுவது சத்துணவு, இப்போது காலைச் சிற்றுண்டியும் உண்டு, 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சாப்பிடுவது வீட்டு டப்பா. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது எது என்று அந்த அம்மாவை நான் அங்கே கேட்கவில்லை. கூட்டத்தில் வைத்து ஒருவரைக் குனிய வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த மாநிலம் பள்ளிக்கூடச் சோற்றின் வழியாகத்தான் நூறு வருடமாக நடந்து வந்திருக்கிறது. 1920இல் தியாகராயர் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியதும், 1956இல் காமராஜர் மாநிலம் எங்கும் கொண்டு சென்றதும், 1982இல் எம்ஜிஆர் விரித்ததும், 2022இல் மதுரையில் காலை உணவு வந்ததும் பசிக்காக மட்டுமல்ல. ஒரே பந்தியில் உட்கார வைப்பதற்காகவும்தான். 2023இல் கரூரிலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் தலித் பெண் சமைத்தார் என்று பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடாமல் தடுத்தபோது, அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் ஓடிப்போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன் எடை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் மூன்றையும் விட்டுக்கொடுத்து நான்காவதில் நின்றார். இந்த ஜூன் கூட்டத்துக்கு வரிசையை மாற்றிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். விளையாட்டும் ஓவியமும் நூலகமும் பிறகு வரட்டும். முதலில் வாரத்தில் ஒரு நாளாவது, வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் அந்தப் பெரிய வேப்பமரத் திண்ணையில் பெயர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடட்டும். டப்பா கொண்டுவருகிறவர் கொண்டுவரட்டும், தட்டு ஏந்துகிறவர் ஏந்தட்டும். அந்த அம்மாவின் மகனும் என் மகனும் ஒரே எழுத்தில் தொடங்குகிறவர்கள். நடுவில் வரப்போகிற பெயர் எந்தப் பிரிவிலிருந்து வரும் என்று இரண்டு வருகைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.